சுதந்திரம் வந்தது, சோறு வந்ததா?

அழகர் மலைச் சீமை சொல்லும் கதை

"என்ன பட்டு? என்ன பட்டு?"

சித்திரைத் திருவிழாவில், வைகைக் கரையில் நிற்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் கேட்கும் கேள்வி இது. அழகர் மலையிலிருந்து புறப்பட்ட கள்ளழகர், தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். அவர் உடுத்தி வரும் பட்டின் நிறம் என்ன என்று அறிய எல்லோருக்கும் ஆவல்.

"பச்சைப் பட்டு!" என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும். கூட்டம் முழுவதும் ஆனந்தம்! பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருஷம் மழை பெய்யும், வயல் விளையும், வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இருக்காது என்பது மதுரைச் சீமையின் நம்பிக்கை.

திருவிழா கூட்டத்தில் நிற்கும் குடியானவன் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. மழை கேட்கிறான். விளைச்சல் கேட்கிறான்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நாடு விடுதலை அடைந்தது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். நமது கொடி பறந்தது. ஆனால் மறுநாள் காலையில் அடுப்படியில் நின்ற தாய்மாருக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு.

"பானையில் போட அரிசி எங்கே?"

புதிதாகப் பிறந்த ஒரு தேசத்துக்கு எத்தனையோ கஷ்டங்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரியது இந்தச் சோற்றுக் கஷ்டம்தான். அது எப்படி வந்தது? எப்படித் தீர்ந்தது? முழுதும் தீர்ந்ததா? அழகர்கோவிலைச் சுற்றியுள்ள வயல்களே அந்தக் கதையைச் சொல்லும்.

காலிக் களஞ்சியம்

விடுதலைக்கு முன்னால் நமது நாட்டுக்கு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு அடுப்புகள் பலவற்றில் பர்மா அரிசி வெந்தது. 1942-ல், உலக யுத்தத்தின்போது, ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது.

அடுத்த ஆண்டு, 1943-ல், வங்காளத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

பிறகு 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. மேற்குப் பஞ்சாபும் சிந்துவும் பாகிஸ்தானுக்குப் போயின. அவை வாய்க்கால் பாசனத்தில் கோதுமை கொழித்த நிலங்கள். எல்லையைத் தாண்டி வந்த அகதிகளுக்கும் சோறு போட வேண்டியிருந்தது.

இது போதாதென்று சென்னை மாகாணத்தில் மழையும் ஏமாற்றியது. 1947-க்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் பருவமழை சரியாகப் பெய்யவில்லை. ஏரியும் கண்மாயும் வறண்டன.

1951-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். இந்திய ஜனங்கள் 36 கோடி. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அந்த ஆண்டில் நாடு முழுவதும் விளைந்த தானியம் சுமார் 5 கோடி டன். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எல்லோருக்கும் வயிறாரப் போட அது போதாது.

வீடு நம் கையில் வந்துவிட்டது. ஆனால் வீட்டின் குதிர் காலி!

அவுன்ஸ் கணக்கில் அரிசி

குதிர் காலி என்றால் குடும்பத் தலைவி என்ன செய்வாள்? இருப்பதை அளந்து போடுவாள். சர்க்காரும் அதைத்தான் செய்தது. அதற்குப் பெயர் ரேஷன்.

யுத்த காலத்தில் வந்த ரேஷன், விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கு. கார்டைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். கிடைத்த அரிசியில் கல்லும் இருக்கும், புழுவும் இருக்கும். அரிசி கிடைக்காவிட்டால் கோதுமை. சோறு தின்று பழகிய வீட்டில் கோதுமையை வைத்து என்ன செய்வது என்று பாட்டிமார்கள் திகைத்தார்கள்.

நகரத்தில் இப்படி என்றால், கிராமத்தில் வேறு விதமான கஷ்டம். விளைந்த நெல்லில் இவ்வளவை சர்க்காருக்குக் குறித்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். இதற்குக் கொள்முதல் என்று பெயர். களத்துமேட்டுக்கு அதிகாரிகள் வருவார்கள். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு நெல் கொண்டு போகத் தடை. அக்கா வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்புவதும் குற்றமாகிவிட்டது!

தடை இருக்கும் இடத்தில் திருட்டு வழியும் இருக்கும். நெல் பதுங்கியது. கள்ள மார்க்கெட் வளர்ந்தது.

அழகர்கோவில் கோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பர் காவல் இருக்கிறார். சந்தனம் பூசிய பெருங்கதவுதான் அங்கே தெய்வம். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால், "கருப்பர் படியில் வந்து சத்தியம் செய்" என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது.

ஒரு கிராமத்து வழக்கை அப்படித் தீர்த்துவிடலாம். 36 கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில், எந்த மூட்டை எந்த அறையில் பதுங்கியிருக்கிறது என்று யாரைச் சத்தியம் செய்யச் சொல்வது? புதிய சர்க்கார் கண்ட முதல் பாடம் இது. சட்டம் போடுவது சுலபம். அதை ஜனங்கள் மனதார ஏற்கும்படி செய்வதுதான் கடினம்.

ராஜாஜியின் துணிச்சல்

1952-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார். அப்போது ராயலசீமைப் பக்கம் கடும் பஞ்சம். கஞ்சித் தொட்டிகள் திறந்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

ராஜாஜி ஜூன் மாதத்தில் ஒரு முடிவு எடுத்தார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். நெல்லைக் கொண்டு போகலாம், விற்கலாம், வாங்கலாம் என்றார்.

"இருக்கிற கொஞ்சமும் பறந்துவிடுமே!" என்று பலர் பயந்தார்கள். மத்திய உணவு மந்திரி ரபி அகமது கித்வாய், ராஜாஜிக்குத் துணை நின்றார். பயந்தபடி நடக்கவில்லை. பதுங்கிய நெல் வெளியே வந்தது. கடைகளில் அரிசி தென்பட்டது. வரிசையில் நின்று அலுத்த ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கட்டுப்பாட்டை நீக்கினால் இருக்கும் நெல் வெளியே வரும். இல்லாத நெல் வருமா? அது வயலில்தான் விளைய வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும்.

மலையைக் குடைந்து வந்த நீர்

மதுரையிலிருந்து அழகர்கோவில் சுமார் 13 மைல். அந்தச் சாலையில் போகிறவர்கள் அப்பன்திருப்பதியைத் தாண்டியதும் கள்ளந்திரி என்ற ஊரைப் பார்க்கலாம். அங்கே ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. பெரியாறு கால்வாய்!

அதில் ஓடும் தண்ணீரின் கதை அதிசயமானது. மேற்கு மலையில் பெய்யும் மழை, பெரியாறு வழியாக மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமையோ தண்ணீர் இல்லாமல் வாடியது. 1876 முதல் 1878 வரை கொடிய தாது வருஷப் பஞ்சம். அதன் பிறகுதான் காரியம் வேகம் பெற்றது.

1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. பென்னிகுவிக் என்ற ஆங்கில என்ஜினீயர் அணை கட்டினார். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1895-ல் அணை திறக்கப்பட்டது. தண்ணீர் வைகையில் கலந்து, பேரணை என்ற இடத்தில் பிரிந்து, கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கம் பாய்ந்தது.

புல்லும் முள்ளும் முளைத்த பூமியில் நெல் முளைத்தது. மேலூர்ச் சீமையின் வாழ்க்கையே மாறியது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. மலையில் தேக்கிய நீர் கீழே இறங்கிவிட்டால் அதை நிறுத்தி வைக்க வழியில்லை. வைகையில் வெள்ளம் வந்தால் வந்த வேகத்தில் ஓடிவிடும். மழை இல்லாத மாதத்தில் ஆறு வெறும் மணல்.

விடுதலை பெற்ற நாடு தன் கையால் செய்ய வேண்டிய வேலை இங்கே காத்திருந்தது.

வைகைக்கு ஒரு பூட்டு

காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது, ஆண்டிப்பட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தது. பெரியாற்று நீரையும் வைகை வெள்ளத்தையும் சேர்த்துத் தேக்கி, வேண்டும்போது திறந்துவிட ஒரு பூட்டும் சாவியும்! 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி அணை திறக்கப்பட்டது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி.

அப்போது பொதுப்பணி இலாகா மந்திரி யார் தெரியுமா? மேலூருக்கு அருகிலுள்ள தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன்!

தும்பைப்பட்டி எங்கோ தொலைவில் உள்ள ஊர் அல்ல. பெரியாறு நீர் பாயும் மேலூர்ச் சீமையின் ஊர்தான். அங்கே 1908-ல், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில், கிராமக் கோவில் பூசாரியின் மகனாகப் பிறந்தார் கக்கன். அந்தக் காலத்தில் அவர் ஜாதியார் பெரிய கோவில்களுக்குள் கால் வைக்க முடியாது.

1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, மதுரை வைத்தியநாதய்யர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். அதில் கக்கனும் ஒருவர். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் கதவு திறந்தது திறந்ததுதான். 1947-ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

கோவில் வாசலில் தடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், இருபது ஆண்டுக்குள் அணை கட்டும் இலாகாவுக்கு மந்திரி! அந்த அணையின் தண்ணீர் ஜாதி பார்க்காமல் எல்லோர் வயலிலும் பாய்ந்தது. சுதந்திரம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது?

அணை நமக்கு, மலை யாருக்கு?

அணை கட்டும் வேலை நடந்த நாட்களிலேயே இன்னொரு சிக்கலும் வந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி நடந்தது. அவை கேரளாவுக்குப் போயின. பெரியாறு அணை நிற்கும் இடமும் கேரளாவில் அமைந்தது.

தண்ணீர் தமிழ்நாட்டு வயலுக்கு, அணை நிற்கும் மண் கேரளாவுக்கு! மகாராஜா காலத்தில் ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை, 1970-ல் 30 ரூபாயாக உயர்ந்தது. 1979-க்குப் பிறகு, அணை பலமாக இருக்கிறதா என்ற சர்ச்சையில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், கிணறு ஒருவர் பங்கிலும் வயல் இன்னொருவர் பங்கிலும் விழுவது உண்டு. பேச்சு நின்றுவிட்டால் பயிர் காயும். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி சோறு

நெல் விளைந்தால் மட்டும் போதுமா? அது ஏழைக் குழந்தையின் வயிற்றுக்குப் போக வேண்டாமா?

மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னால், "அவன் கூலி இல்லாமல் யார் சோறு போடுவது?" என்று தாய் கேட்டாள். நியாயமான கேள்வி! காமராஜர் அதற்குப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்திலேயே சோறு! 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ஜனங்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தார்கள்.

அந்த விதை இன்றும் காய்க்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு தரும் திட்டம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது.

மீண்டும் வந்த சோதனை

கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் இன்னொரு அடி விழுந்தது. 1965-லும் 1966-லும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் யுத்தம் வேறு. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அந்தக் கப்பல் வருமா வராதா என்பதை அங்கே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

சோற்றுக்காக அடுத்த வீட்டு வாசலில் நிற்பவன், தன் வீட்டில் தலை நிமிர்ந்து பேச முடியுமா? தேசத்துக்கும் அதே கதிதான்.

பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். பல வீடுகளில் திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டவில்லை. ஓட்டல்களும் மூடின.

மத்திய உணவு மந்திரியாக இருந்தவர் நம் தமிழ்நாட்டு சி.சுப்பிரமணியம். அதிகம் விளையும் புதிய விதைகளைக் கொண்டுவரத் துணிந்தார். கோதுமையில் புதிய ரகம். நெல்லில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள். விதையோடு உரமும் தண்ணீரும் சேர்ந்தன. விளைச்சல் கூடியது.

ஆனால் விதை முளைக்கும் வரை வயிறு காத்திருக்குமா? 1966-ல் தமிழ்நாட்டில் அரிசி விலை ஏறியது. தட்டுப்பாடும் வந்தது.

அரிசி எழுதிய தீர்ப்பு

1967 தேர்தலில் தி.மு.க. ஒரு வாக்குறுதி கொடுத்தது. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்!"

அரிசி மட்டும் காரணம் அல்ல. 1965-ல் எழுந்த மொழிப் போராட்டமும் ஜனங்கள் மனதில் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஆட்சியை மாற்றின. காங்கிரஸ் தோற்றது. காமராஜர் தோற்றார். கக்கனும் தோற்றார். அண்ணா முதல்-மந்திரி ஆனார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்கியது. ராஜ்யம் முழுவதும் கொடுக்கப் பணம் இடம் தரவில்லை. வாக்குறுதி கொடுப்பவர்களுக்கும் களஞ்சியம் ஒரு பாடம் சொன்னது!

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. பசி வந்தால் பல நாடுகளில் கலகம் வரும், துப்பாக்கி பேசும். இங்கே ஓட்டுச் சீட்டு பேசியது.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, 17 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஓட்டு இருந்தது. பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் படம். வடக்கே பல பெண்கள், "இன்னாரின் மனைவி" என்று சொன்னார்களே தவிரத் தம் பெயரைச் சொல்லவில்லை. அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் சேரவில்லை. "கைநாட்டுக்கு ஓட்டா?" என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. அதே கைநாட்டுக்காரர்கள்தான், பதினைந்தே ஆண்டில், சோற்றுக்குக் கணக்குக் கேட்டு ஆட்சியை மாற்றினார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஆட்சி கை மாறியது.

தோற்ற கக்கன் என்ன ஆனார்? பொதுப்பணி, விவசாயம், போலீஸ் என்று பெரிய இலாகாக்களைப் பத்து ஆண்டுகள் வைத்திருந்தவர், தமக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. முதுமையில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார். அப்போது முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு கலங்கி, உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். தேசத்தின் குதிரை நிரப்பப் பாடுபட்டவரின் வீட்டுக் குதிர் கடைசிவரை காலிதான்.

இனி நம் கையில்

இன்று இந்தியாவில் ஆண்டுக்கு 33 கோடி டன்னுக்கும் மேல் தானியம் விளைகிறது. அன்றைய 5 கோடி எங்கே, இன்றைய 33 கோடி எங்கே! தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கள்ளந்திரிக் கால்வாய்க் கரையில் நிற்கும் குடியானவரைக் கேட்டுப் பாருங்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கருக்கு இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் உள்ள 85,563 ஏக்கருக்கு ஒருபோகம்தான். ஒரே கால்வாய், ஒரே தண்ணீர். ஆனால் மதகுக்கு இந்தப் பக்கம் இரண்டு அறுவடை, அந்தப் பக்கம் ஒன்று. அணையில் நீர் குறைந்தால் அந்த ஒன்றும் சந்தேகம். கடைமடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் அணையின் அடிக்கணக்கைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்.

கண்மாய்களுக்கும் ஆபத்து வந்தது. மேலூர்ப் பகுதியில் கிரானைட் குவாரிகளால் குன்றுகளும் நீர்வழிகளும் சிதைந்தன. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏல முடிவு வெளியானது. கிராம ஜனங்கள் திரண்டார்கள். மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அன்று அணை கட்டினார்கள். இன்று கட்டியதையும், முன்னோர் வெட்டிய கண்மாயையும் காப்பாற்ற வேண்டும். கட்டுவதற்கு ஒரு தலைமுறை போதும். காப்பாற்றுவதற்கு எல்லாத் தலைமுறையும் வேண்டும்.

இன்று மதியம் சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இலையில் விழும் சோற்றில் பர்மாவிலிருந்து வந்தது ஒரு பருக்கையும் இல்லை, அமெரிக்கக் கப்பலில் வந்ததும் இல்லை. அது நமது மண்ணில் நமது தண்ணீரில் விளைந்தது. அதை வீணாக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.